மழையில் பறக்காத ஒரு மணி நேரம்

மண்ணூர்பேட்டை வீட்டின் சாப்பாட்டு மேசையில் அக்கா தன் பறப்புப் பதிவேட்டை விரித்துவைத்த அந்த ஞாயிறு மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பைலட் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அவள் பறந்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை. அவளை வாழ்த்தி மாமா வைத்த ஃபிளெக்ஸ் அதற்குள் தெருமுனையில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் எதற்கும் பொறுமை கிடையாது.

ஒரு வரிக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெளியூரில் அவள் படித்த பயிற்சிப் பள்ளியில், முறைக்குக் காத்திருக்கும் மாணவர்கள் அன்று பறக்கப்போகும் நேரத்துக்கான வரியைக் காலையிலேயே எழுதிவைத்துவிடுவார்களாம். இந்த வரியை எழுதிய அன்று மழை, விமானம் கிளம்பவில்லை. அதே பாடத்தை ஒரு மணி நேரம், அறைக்குள் விமானம் போலவே அமைத்த சிமுலேட்டரில் செய்திருக்கிறாள். பயிற்சியாளரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சிமுலேட்டர் என்னதான் குலுங்கினாலும் சட்டப்படி அதில் விமானம் பறந்ததாகாது. நிற்கும் விமானத்துக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டாலும் அது தரைப்பயிற்சிதான். மேலே ஏறுவதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி வந்து நிற்கும்வரை உள்ளதே பறந்த நேரம். அந்த ஒரு மணியைக் கழித்தால் உரிமத்துக்கு வேண்டியதில் முக்கால் மணி நேரம் இடித்தது. அடுத்த மாதமோ ஒரு விமான நிறுவனம் ஆள் எடுக்கவிருந்தது.

“யாரு பாக்கப் போறாங்க? அதான் கையெழுத்து கீதே, வுடுக்கா,” என்றேன்.

“ரூமுக்குள்ள ஒக்காந்துகினு இருந்தத பறந்தேன்னு சொல்லச் சொல்றியாடா?” என்றவள், அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

பள்ளியில் மறுபடி விமானம் கிடைக்கப் பல மாதம் ஆனது. அந்த வேலை போயே போய்விட்டது. ஃபிளெக்ஸில் அவள் முகம் வெளிறியது. முகப்பேரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் பஸ் ஏறிப் போய்வந்தாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. நாம் என்ன அரிச்சந்திரன் பரம்பரையா என்று வாய்விட்டே கேட்டேன்.

ஒருவழியாக உரிமம் வந்தபோது, “அடிச்ச வரிய பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலடா,” என்று சிரித்தாள்.

சென்ற மாதம் அவள் ஓட்டிய விமானத்தில் அம்மாவும் நானும் முதல்முறையாக ஏறினோம். கிளம்பும் முன்பே அம்மா தூங்கிவிட்டாள். நானும் கண்ணை மூடினேன். அன்று அக்கா என் பேச்சைக் கேட்டிருந்தால், அம்மா மட்டும்தான் தூங்கியிருப்பாள்.