திட்டிய அதே மைக்கில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் தொடங்கிய சங்கதி இது. அப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமி இரவில் மட்டும் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பேன். மனைவி இல்லை. எட்டாவது படிக்கும் மகளும் நானும் மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் ஒற்றை அறையில் இருந்தோம்.

நான் ஓரிடத்தில் தங்குகிற ஆள் இல்லை. ஏழாவது படிக்கும்போது கிழிந்த சட்டைக்காக என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. அதிலிருந்து அதே பழக்கம்தான். முதலாளி ஒரு சொல் அதிகம் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். மகளுக்கு அது ஐந்தாவது பள்ளிக்கூடம்.

அன்று விடிந்தும் கூட்டம் குறையவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கிரிவலக் கூட்டம் முழுக்க எதிரே வர, மகள் அதற்குள் புகுந்து செங்கம் சாலையில் இருக்கும் பள்ளிக்கு நடந்தே போயிருக்கிறாள். பிரேயர் பாதியில் இருந்தது. தலைமையாசிரியை மைக்கிலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ராத்திரியெல்லாம் அப்பாகூட சுண்டல் வித்தியா? வியாபாரம்தான் முக்கியம்னா இங்க எதுக்கு வர்ற?" என்று கேட்டுவிட்டார். பௌர்ணமியானால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கடையில் நிற்பது உண்மைதான். என் மகளை நான் ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

மத்தியானத்துக்குள் அவளுக்குச் 'சுண்டல்' என்று பேர் விழுந்துவிட்டது. சாயங்காலம் வந்து, "இனிமே அங்க போகமாட்டேம்பா" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஓசூரில் தெரிந்தவரிடம் போன் செய்து வேலை கேட்டு வைத்தேன்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்கப் போனேன். சண்டை போடவில்லை. தலைமையாசிரியை காரணம் கேட்டார், சொன்னேன். அவர் மகளிடம் திரும்பினார்.

"அவ்ளோ தூரம் நடந்தா வந்த?"

"ஆமா டீச்சர்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க டீச்சர்? நீங்களே சொல்லிட்டீங்க."

அவர், "தப்பு என்னுதுதாம்மா" என்றார்.

"அது போதுங்க மேடம். டி.சி. குடுத்தீங்கன்னா கெளம்பிடுவோம்" என்றேன்.

"போதாதுங்க. திட்டினது மைக்குல. மன்னிப்ப ரூமுக்குள்ள கேட்டா அது எனக்குத்தான் சௌகரியம். நாளைக்குப் பிரேயருக்கு வாங்க. அப்புறமும் வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்." மகளிடம், "உன் பேரச் சொல்லலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க டீச்சர். பேர் சொல்லித்தானே திட்டினீங்க."

பக்கத்தில் நின்ற ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "பிரேயர்லயா மேடம்? அப்புறம் எந்தப் புள்ள நம்மளுக்குப் பயப்படும்?" என்றார்.

"பயமுறுத்தாம ஸ்கூல எப்படி நடத்தறதுனு நாமதான் சார் கத்துக்கணும்."

மறுநாள் காலை நான் கேட்டருகே நின்றேன். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். மகளின் பேரைச் சொல்லி, அவள் எங்கிருந்து எப்படி வந்தாள் என்பதைச் சொன்னார். "விசாரிக்காம பேசிட்டேன். உங்க எல்லார் முன்னாலயும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அதட்டவில்லை, சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, பௌர்ணமிக்கு மறுநாள் யார் தாமதமாக வந்தாலும் முதலில் வழியைப் பற்றிக் கேட்கும்படி ஆசிரியர்களிடம் அதே மைக்கில் சொன்னார். அவ்வளவுதான்.

வரிசை கலைந்து வகுப்புகளுக்குப் போனது. நான் மகளைக் கைகாட்டி அழைத்தேன். அவள் கேட் வரை ஓடி வந்து, "நீ வேலைக்குப் போப்பா, லேட்டாவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

'சுண்டல்' என்கிற பேர் உடனே மறைந்துவிடவில்லை. இரண்டு பேர் வெகு நாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "இன்னாடி?" என்று திருப்பிக் கேட்க இவளும் பழகிக்கொண்டாள். இப்போது அதே பள்ளியில் பதினொன்றாவது படிக்கிறாள்.

ஊர் ஊராகத் திரிந்தவன் இங்கே நின்றுவிட்டதற்கு மலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பதவியில் இருக்கிற ஒருவர் தன் தப்பை எல்லார் காதிலும் விழச் சொன்ன ஓர் ஊரை விட்டுக் கிளம்ப, இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.