மரண தண்டனை ‘வேண்டும்’ அணியில் நான்

கொலை செய்தவனை அரசாங்கம் கொல்லலாமா? மேடையேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘கொல்லலாம்’ என்று பேசியவள் நான். கைதட்டலும் வாங்கினேன். ஆனால் யாராவது என்னைத் தனியாக உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டால், என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. பதில் இல்லாமல் பேசியதால் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிட்னியில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தும். வழக்கமாக, சேமிப்பில் சிறந்தவர் கணவரா மனைவியா என்பது போன்ற தலைப்புதான். இந்த வருடம் அந்தச் சமயத்தில் செய்தியில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே குரலில் எழுதினார்கள்: நம் ஊராக இருந்தால் தூக்கு, இங்கே அந்தத் தண்டனையை எப்போதோ எடுத்துவிட்டார்கள், திரும்பக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்துத்தான் சங்கத்தில் தலைப்பை மாற்றினார்கள். ‘ஆஸ்திரேலியாவில் மரண தண்டனை மீண்டும் வேண்டுமா, வேண்டாமா?’

எனக்கு ‘வேண்டாம்’ பக்கம்தான் பேச ஆசை. கல்லூரியில் படித்த காலத்தில் அந்தப் பக்கம் பேசியிருக்கிறேன், குறிப்புகள்கூட ஞாபகத்தில் இருந்தன. ஆனால் நிகழ்ச்சியைப் பொறுப்பேற்றிருந்தவர், மதுரைக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுவோம், போனில் மறுத்துவிட்டார்.

“அந்தப் பக்கம் ஆள் ஃபுல்லும்மா. நீங்க சின்னக் குழந்தையோட அம்மா. ‘ஒரு தாயாகச் சொல்கிறேன்’னு ஆரம்பிச்சீங்கன்னா பாதி ஹால் உங்க பக்கம் வந்துடும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது என் பழக்கம். என் கணவருக்கு ஒரே சிரிப்பு. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அடிக்காதே, வெளியே தள்ளிவிடு என்று சொல்கிறவள் தூக்குத் தண்டனை கேட்கப் போகிறாளாம் என்று தன் அலுவலக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்து வாதங்கள் எல்லாம் கடைசியில் ஒரே வாக்கியத்தில்தான் போய் நிற்கின்றன: உங்கள் பிள்ளைக்கு நடந்திருந்தால்? மேடையில் அதை என்னைப் பார்த்து நானே கேட்டுக்கொள்ள வேண்டும், என் மகளைச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐந்து வயது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. நாங்கள் வளர்ந்த வீடுகளில் அப்படிப்பட்ட பேச்சை எடுத்தாலே, என்ன வாய் இது, நல்ல வார்த்தை பேசு என்று அதட்டுவார்கள். நான் படித்தவள், கணினித் தரவுத்தளங்களோடு வேலை பார்க்கிறவள். ஒரு வாக்கியம் எதையும் வரவழைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தை வெட்டிவிட்டு, ‘ஒரு தாய்’ என்று பொதுவாக எழுதினேன்.

அதை எடுத்ததும் பேச்சு வெறுமையாகத் தெரிந்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வேறொரு வாக்கியத்தைச் செய்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. ‘கொன்றவன் சிறையில் உண்ணும் ஒவ்வொரு கவளமும் கொல்லப்பட்டவனின் பங்கு.’ சொல்லிப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது. அது உண்மையா என்று யோசித்ததாக நினைவில்லை.

விழா நாளன்று ஹால் நிரம்பியிருந்தது. எதிரணியில் முதலில் பேசியவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். “நடுவர் அவர்களே, மரண தண்டனை தேவையே இல்லை. ஆயுள் தண்டனையின்ர கொடுமை உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கலியாணம் கட்டிப் பதினாறு வருஷம்” என்று அவர் ஆரம்பித்ததும் ஹாலே சிரித்தது. முன்வரிசையிலிருந்த அவர் மனைவி, “வீட்டுக்கு வாங்கோ, மேன்முறையீட்டை அங்க பாப்பம்” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பக்கவாட்டில் தேநீர் மேசைக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டியும் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்த ஆன்ட்டியை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தவர், லிட்கம் பகுதியில் வீடு. சங்கத்தில் எந்த நிகழ்ச்சி என்றாலும் தேநீர் அவர் பொறுப்பு. என் மகளுக்கு மட்டும் வடையைப் பிய்த்து ஆறவைத்துக் கொடுப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் முறை வந்தது. அந்தக் கவளம் வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். நரைத்த தலை, ஸ்வெட்டர் போட்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவர், தான் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பாதிப் பேர் தனக்குச் சாப்பாடு போடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்று முடித்தார். ஆனால் சிறந்த பேச்சாளர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தப் பொன்னாடையோடு சாப்பாட்டு வரிசையில் நின்றபோதுதான் அண்ணாவின் மனைவி மெதுவாகச் சொன்னார். கைதட்டியவர் ஆன்ட்டியின் கணவர். அவர்களுடைய மகனைச் சில வருடங்களுக்கு முன் குத்திக் கொன்றுவிட்டார்கள். வேலை முடிந்து வரும்போது கார் நிறுத்துமிடத்தில் ஒரு வாக்குவாதம், யாரென்றே தெரியாத ஒரு ஆள். அவன் சிறையில் இருக்கிறான். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். இத்தனை பேர் சேர்ந்து தலைப்பை யோசித்தபோது, தேநீர் மேசையில் யார் நிற்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் நேராக ஆன்ட்டியிடம் போனேன். அவர் கோப்பையை நீட்டி, சீனி போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்து வீட்டுக்குக் கூப்பிட்டார். என் கணவருக்கு அன்று வேலை இருந்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிள் வீட்டில் இல்லை. கொல்லைப்புறத்தில் மகளுக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துகொடுத்துவிட்டு, ஆன்ட்டி என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“நீங்கள் கதைச்சது பிழை எண்டு சொல்லக் கூப்பிடேல்ல, பிள்ளை. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சிறையில் இருக்கிறவனையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடும் ஏற்பாடு இங்கே உண்டு. இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் நடுவில் இருப்பார். ஆன்ட்டி யாரிடமும் சொல்லாமல் அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். நீண்ட நாள் பதில் வரவில்லை. இப்போது அவன் சம்மதித்துவிட்டானாம்.

எதற்கு என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

“என்ர பிள்ளை விழுந்த பிறகு, அம்புலன்ஸ் வருமட்டும் பக்கத்தில இருந்தது அவன் ஒருத்தன்தான். ஓடேல்லையாம். கோர்ட்டில வாயே திறக்கேல்ல. பிள்ளை ஏதும் கதைச்சவனோ, தண்ணி கேட்டவனோ, ஒண்டும் எங்களுக்குத் தெரியாது. அவனைத் தூக்கில போட்டிருந்தா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நான் தமிழில கேட்டாலும் என்ர பிள்ளை இங்கிலிஷிலதான் மறுமொழி சொல்லுவான். கடைசி நேரம் எந்தப் பாஷையில கதைச்சவன் எண்டு கேக்கோணும்” என்றார். பிறகு, “மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ. மன்னிக்கேல்ல. எனக்கு அவன் உயிரோட வேணும், அவ்வளவுதான்” என்றார்.

பட்டிமன்றத்தில் ‘வேண்டாம்’ அணியினர் நிறையச் சொன்னார்கள். தீர்ப்பு தவறாகிவிட்டால் உயிரைத் திருப்பித் தர முடியாது, ஏழைதான் மாட்டிக்கொள்வான், அரசாங்கமே கொலைகாரனாகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் மறுப்பு எழுதிவைத்திருந்தேன். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இதை ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. இது ஓர் அம்மாவின் தேவை. அதே வீட்டில் ஓர் அப்பாவும் இருக்கிறார்.

அவரைப் பற்றியும் ஆன்ட்டியே சொன்னார். மேடையில் நான் சொன்ன வாக்கியத்தை அங்கிள் மனப்பாடம் செய்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்ததும் அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுப் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். இதை ஆன்ட்டி குறையாகச் சொல்லவில்லை. அங்கிள் இத்தனை வருடம் மகனைப் பற்றி வாயே திறந்ததில்லை, இப்போது பேசவாவது செய்கிறார் என்றார். அது நல்லதா கெட்டதா என்று ஆன்ட்டிக்கும் தெரியவில்லை.

அந்தச் சந்திப்புக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம். ஆன்ட்டியின் மகள் மெல்பனில் இருக்கிறாள். போனால் இனித் தன்னோடு பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அங்கிளுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார்.

“நீங்கள் என்னோட வாறீங்களோ?” என்று கேட்டார். “உங்களுக்கு இங்கிலிஷ் வடிவா வரும். அவன் சொல்லுறது எனக்கு ஏதும் விளங்காட்டி நீங்கள் சொல்லலாம். மற்றது, அண்டைக்கு மேடையில நீங்கள் உங்கட மகளின்ர கதையை எடுக்கேல்ல. எடுத்திருந்தா ஆக்கள் அழுதிருப்பினம். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

வழக்கம்போலச் சரி என்று வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, யோசித்துச் சொல்கிறேன் ஆன்ட்டி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கொல்லைப்புறத்தில் நனைந்துபோயிருந்த என் மகளைத் துவட்டப் போனார். கார் ஓட்டி வரும்போது, நல்லவேளை சரி என்று சொல்லவில்லை என்றும், ஏன் சொல்லவில்லை என்றும் மாறிமாறி நினைத்துக்கொண்டே வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பாப்பா ரெண்டு தடவை இருமினாலே நீ தூங்கமாட்ட. அவன் எதிர்ல போய் உக்காந்து, அவன் சொல்றதை எல்லாம் கேட்டுட்டு வந்து, அப்புறம் எப்படி இருப்ப?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த அறையில் எதைக் கேட்டாலும் அது என்னோடு வீட்டுக்கு வரும், என் மகள் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் அது என் முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஆன்ட்டி இத்தனை வருடமாக அப்படித்தானே இருக்கிறார் என்று சொன்னேன். முடிவு என்னுடையது, எதுவானாலும் தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

நான் போகலாம் என்று கிட்டத்தட்ட முடிவுசெய்திருந்தபோது, ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் அங்கிளைப் பார்த்தேன். அவர்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டார். கூட இருந்த நண்பரிடம், “இந்தப் பிள்ளைதான், நான் சொன்னனே. எங்களுக்காகக் கதைக்க ஒரு ஆள் இருக்கு” என்றார். பிறகு என் மகளிடம் குனிந்து, “உங்கட அம்மா பொய் கதைக்கமாட்டா, தெரியுமோ?” என்றார். அவள் ஆங்கிலத்தில், தெரியும் என்றாள். அவருடைய கூடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் பாலும் மட்டும்தான் இருந்தன. ஸ்வெட்டர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒழுங்காகச் சாப்பிடுங்கள் அங்கிள் என்று சொன்னேன்.

அது பட்டிமன்றம், எனக்குக் கொடுத்த பக்கத்தைப் பேசினேன் என்று அவரிடம் சொல்லலாம். அது உண்மை. ஆனால் அத்தனை வருடத்துக்குப் பிறகு தனக்காகப் பேச ஒருவர் கிடைத்ததாக நினைக்கிற மனிதரிடம் அதைச் சொல்வது என்ன நியாயம்? சொல்லாமல் அவருக்குத் தெரியாமல் அவர் மனைவியோடு அந்த அறைக்குப் போவதும் சரியாகப் படவில்லை. நான் போகவில்லை என்றால் ஆன்ட்டி தனியாகப் போவார். இல்லை, பயந்து போகாமலே விட்டுவிடுவார். அவன் மனம் மாறிவிட்டால் பிறகு ஒருபோதும் கேட்க முடியாது.

துணைக்கு வருபவரின் பெயரை அடுத்த வாரம் சொல்ல வேண்டுமாம். ஆன்ட்டி என்னை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

இதை வாசிக்கிறவர்களில், பிள்ளையையோ கூடப்பிறந்தவரையோ இப்படிப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு சந்திப்பில் உட்கார்ந்தவர்கள் இருக்கலாம். அதற்குத் துணையாகப் போனவர்களும் இருக்கலாம். மரண தண்டனை சரியா தவறா என்று எனக்கு எழுத வேண்டாம், அந்த வாதங்களை நான் இரண்டு பக்கமும் படித்துவிட்டேன். அந்த ஆன்ட்டியோடு நான் போகலாமா? போவதானால், அவர் கணவரிடம் யார் சொல்வது, முன்பே சொல்வதா, போய் வந்த பிறகா? அந்த அறையில் அவன் சொல்லக் கூடாத எதையாவது சொன்னால், பக்கத்தில் இருக்கிறவள் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.