இரண்டு வாரத்துக்கு எழுதிய தாள்

1. முதல் நாள்

மலேசியாவில், கூலிம் டவுனில் ஒரு கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஸ்டெல்லா டீச்சர் கவுண்டர் முன்னால் வாந்தி எடுத்தார். எனக்கு வயது இருபது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்திருந்தேன். எங்கள் பக்கம் நர்ஸை 'மிஸி' என்பார்கள். வெள்ளை யூனிஃபார்ம் போட்டுவிட்டால் படித்தவள், படிக்காதவள் எல்லாரும் மிஸிதான். நானும் அப்படித்தான் மிஸியானேன்.

டீச்சர் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர் குரல்தான். உடம்பு கனத்து முட்டி இரண்டும் வீங்கியதால், அண்ணன் உதவியோடு பினாங்கில் வயிற்றுக்கு ஸ்டேப்ளிங் செய்துகொண்டிருந்தார். இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, கீழே இறங்கும் வழியை வளையம் போட்டு இறுக்கிவிடுவார்கள். நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் சோறு இறங்கவில்லை. போனதெல்லாம் திரும்பி வந்தது.

டாக்டர் கார்டில் 'ஃபுளூயிட்ஸ், 2/52' என்று எழுதினார். இரண்டு வாரத்துக்கு நீராகாரம் மட்டும் என்று பொருள். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம், அதில் இரண்டு. அதைச் சொல்லித்தரும் முன்பே நானாகக் கண்டுபிடித்து உச்சி குளிர்ந்து போனேன்.

"ஜெயா, என்னென்ன குடிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துரு. வெளிய கியூ நிக்குது பாரு" என்றார் டாக்டர்.

ரூலர் வைத்துக் கோடு போட்டேன். காலையில் இனிப்பு டின் பால் கலந்த கோக்கோ. பத்து மணிக்குச் சீனி போட்ட பார்லி. மத்தியானம் பாலில் காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சி. சாயங்காலம் மறுபடியும் கோக்கோ. நெஞ்செரிச்சலுக்குப் படுக்கும் முன் ஒரு குவளை பால்.

"எழுத்து முத்து மாதிரி இருக்கே மிஸி! எங்க ஸ்கூலுக்கு வந்துரு லா, இங்க என்னா வேலை?" என்று டீச்சர் அந்தக் களைப்பிலும் சிரித்தார்.

எத்தனை நாளைக்கு என்று அந்தத் தாளில் நான் எழுதவில்லை.

2. தராசு

அடுத்த இரண்டு வருடம் டீச்சர் மாதம் ஒருமுறை வந்தார். வாந்தி குறைந்தது. எடை ஏறியது. குனிந்தால் புளிப்புத் தண்ணீர் தொண்டைக்கு வந்தது. நாற்காலியில் தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்து பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தோம். குரல் கரகரத்து, பாட்டின் மேல்ஸ்தாயிக்கு எட்டாமல் போனது.

தராசு பார்க்கிறவள் நான். "என்னா டீச்சர், மூணு கிலோ கூடியிருக்கு! வாயக் கட்டக் கூடாதா? அறுத்தும் இப்படின்னா எப்படி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

"எனக்கே புரியலம்மா. சோறு தொட்டு ரெண்டு வருசம் ஆச்சு" என்பார். நான் நம்பவில்லை.

டாக்டர் படித்துவிட்டுப் போடும் மருத்துவப் பத்திரிகைகளை நான் எடுத்துப் படிப்பேன். ஸ்டேப்ளிங் சரியாக வராதவர்களுக்கு அதையே வேறு விதமாக மாற்றி இரண்டாவது ஆப்பரேஷன் செய்யலாம், எரிச்சலும் எடையும் இரண்டுமே குறையலாம் என்று ஒன்றில் இருந்தது. அன்றைக்கே டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் யோசித்தார். நான் விடவில்லை. கடைசியில் பினாங்கு சர்ஜனுக்கு ரெஃபரல் லெட்டர் எழுதினார். துணைக்கு நானே லீவு போட்டுப் போனேன்.

3. பினாங்கு

ஃபெர்ரியில் டீச்சர் உற்சாகமாக இருந்தார். "பெரிய வியாழன் சர்ச் பாட்டுக்குள்ள குரல் வந்துருமா மிஸி?" என்று இரண்டு தடவை கேட்டார். "கண்டிப்பா வரும் டீச்சர்" என்றேன், நானே கத்தி பிடிக்கப் போகிறவளைப் போல.

சர்ஜன் தமிழர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்ன உள்ள போவுது? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றார்.

டீச்சர் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். கோக்கோ. பார்லி. சவ்வரிசிக் கஞ்சி. பார்லியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் வரிசை, என் நேரம். டீச்சர் கைப்பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட என் தாளின் ஓரம் தெரிந்தது.

"பூரா சீனித் தண்ணி. வளையத்துக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போயிரும். படுக்கும்போது பால் வேற. அப்புறம் எரியாம என்ன செய்யும்? யாரு குடிக்கச் சொன்னா?"

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். கைப்பையை மூடினார்.

"யாரும் இல்ல டாக்டர். நானாத்தான்."

"ரெண்டாந்தடவ அறுக்கிறது வெளையாட்டு இல்லம்மா. மொத அறுத்த எடமெல்லாம் ஒட்டிக் கெடக்கும், கசியலாம். அந்த அபாயத்த எடுக்கணும்னா ஆளு கட்டுப்பாடா இருக்கணும். நீங்க அப்படி இல்ல."

லெட்டரின் அடியில், ஆப்பரேஷனுக்கு ஏற்றவர் அல்ல, சொல்பேச்சுக் கேட்காதவர் என்று ஆங்கிலத்தில் எழுதினார். சொன்ன பேச்சை டீச்சரைப் போல இன்னொருவர் கேட்டிருக்க முடியாது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

திரும்பும் ஃபெர்ரியில், "ஏன் டீச்சர் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒன் மூஞ்சியப் பார்த்தேன், ரத்தமே இல்ல. வேலை போனா எங்க போவ? ஃபேக்டரி ஷிப்டுக்கா?" என்றவர், கடலைப் பார்த்துக்கொண்டு, "நிறுத்துன்னு நீ சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

4. கார்டு

டாக்டரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் பழைய கார்டைத் தேடி எடுத்து 2/52 மேல் விரலை வைத்தார். "ரெண்டு வருசமா என்ன சாப்பிடுறீங்கன்னு நானும் கேக்கலையே" என்றார். அன்றே சர்ஜனுக்கு எல்லாவற்றையும் எழுதினார். நாலு மாதம் பாலையும் சீனியையும் விட்டுவிட்டு வரட்டும், மறுபடி பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

டீச்சர் விட்டார். எடை கொஞ்சம் இறங்கியது. எரிச்சல் இறங்கவில்லை, குரலும் வரவில்லை. ஆப்பரேஷன்தான் வழி என்பது முன்னைவிடத் தெளிவானது. சர்ஜன் ஒத்துக்கொண்டு கொடுத்த தேதியைச் சொல்ல டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

தலையணை அடுக்கிய நாற்காலியில் இருந்தார். "நான் வரலம்மா" என்றார்.

"அதான் லெட்டர் எழுதியாச்சே டீச்சர். உங்க தப்பு இல்லன்னு அவருக்கே தெரியும்."

"தெரியும். ஆனா மொத தடவ ஊரே சொல்லிச்சின்னு அறுத்தேன். ரெண்டு வருசம் எல்லாரும் என் வாயத்தான் திட்டுனாங்க, நீயுந்தான். இதுவும் சரியா வரலன்னா மறுபடியும் என் வாய்தான். முடியாதும்மா. இந்த நாற்காலியே போதும்."

சரிந்திருந்த தலையணை ஒன்றை அவர் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தேன்.

அடுத்த ஆண்டு அவருக்குப் பண்டார் பாரு பக்கம் வேறொரு பள்ளிக்கு மாற்றலானது. போவதற்கு முந்திய ஞாயிறு சர்ச்சில் வேறொருவர் பாட்டைத் தொடங்கினார். டீச்சர் உதட்டை மட்டும் அசைத்தார்.

புதிதாக யூனிஃபார்ம் போடும் தங்கைகளே, நோயாளி கையில் கொடுக்கும் தாளில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அது சின்னப் பாடம். நான் இப்போது யாரையும் தராசில் ஏற்றும் முன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். பிறகு, யார் சாப்பிடச் சொன்னது என்றும் கேட்கிறேன். "யாரும் இல்ல மிஸி, நானாத்தான்" என்று யாராவது சொன்னால், தராசை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.