புற்றைத் தொடாத கம்பெனி

அம்மா போன பிறகு அவள் படுத்திருந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது பழைய வீடு. மேலே கட்டை பாவிய மச்சு, ஒவ்வொரு வாசலுக்கும் மரநிலை. ஓர் ஆளுக்கு முன்னறையும் சமையலறையும் போதும். காலையில் ஜவுளிக்கடைக்குப் போவேன். ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பேன். இருட்டியதும் திரும்புவேன். கடையில் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. வீட்டில் கேட்கவும் ஆள் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் மழை முடிந்த சமயம், அந்த அறையிலிருந்த பீரோவை முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டேன். என்னைவிடச் சின்னவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கதவைத் திறந்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள். மூலையில் சிமெண்டுத் தரை பெயர்ந்திருந்த இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யக்கா, அம்மா வந்துருக்குறாங்க."

சட்டென்று எனக்கு வேறு நினைப்புதான் வந்தது. கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே அவள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து புற்றுக்கு இட்டாள். அடுத்த வெள்ளி எதிர்வீட்டுக்காரியும் பால்காரர் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். தை மாதம் பிறந்தபோது அறை கொள்ளவில்லை. பால், முட்டை, பொங்கல், வேப்பிலை. கடையில் கேட்டு வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வர ஆரம்பித்தேன். வீட்டில் அத்தனை டம்ளர் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஆம்பள காலடி படாத ஊட்டுல அம்மன் குடியேறிட்டாங்க பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வாடக குடுப்பாங்களான்னு கேட்டியாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாவது பேச்சு சுருக்கென்று குத்தியது உண்மைதான். ஆனால் என்னை வைத்து யாரும் கேலி பேசியே வெகுகாலம் ஆகியிருந்தது.

கரையான் புற்றோடு நிற்கவில்லை. சுவரில் மண்கோடு போட்டு ஏறி, நிலைக்குள் புகுந்து, மச்சுக் கட்டையைத் தொட்டிருந்தது. நிலையைத் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. கடை முதலாளி விசாரித்துத் தெரிந்துகொண்டார். "மச்சு எறங்குனா நீ உள்ள கெடக்கிறதுகூட யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரனக் கூப்புட்டு மருந்து அடிம்மா" என்று திட்டினார். எனக்குத் தெரியாத ஆளிடம் போனில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவரே இரண்டு இடத்துக்குப் பேசிவிட்டார்.

முதலில் வந்தவர் மஞ்சக்குப்பத்துக் கம்பெனிக்காரர். சட்டையில் கரப்பான்பூச்சிப் படம். எல்லா இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் புற்றுக்கு முன் வந்தார்.

"இதான் மேடம் எல்லாத்துக்கும் காரணம். கடப்பாறையால ரெண்டு போடு, வேல முடிஞ்சிது."

வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரிக்கு அது கேட்டுவிட்டது. "போடுவ, போடுவ. போட்டுட்டு ஊடு போய்ச் சேந்துருவியா நீ?" என்றாள். நான் அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

இரண்டாமவர் சிதம்பரத்திலிருந்து வந்தார். பெரியவர், நிதானமானவர். அறையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காத தங்கச்சி. பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கேன். இதுல கை வெக்க மாட்டேன்."

போகும்போது கொஞ்சம் மஞ்சளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனார். எனக்குள் ஒரு நிம்மதி. மருந்து அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை, பால்காரர் மனைவி பேசிக்கொண்டே நிலையில் சாய்ந்தாள். மரம் பொரி மாதிரி நொறுங்கி, அவள் தோள் உள்ளே போனது. நிலைக்கு மேலிருந்து மண்ணும் காரையும் அவள் தலையில் கொட்டின. அடி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் கையிலிருந்த குழந்தையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். புற்றை உடைத்தால் இவர்கள் வர மாட்டார்கள். விட்டுவைத்தால் இவர்கள் தலையிலேயே மச்சு விழும்.

மூன்றாவது கம்பெனிக்கு நானே போன் செய்தேன். பாண்டிச்சேரிக்காரர்கள். வந்தவர் கழுத்தில் சிலுவை டாலர். புற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"சிஸ்டர், நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இது மண்ணுதான். ஆனா நான் ஒடச்சா நாளைக்கு உங்க தெருவே எங்க ஆளுங்களத்தான் சொல்லும். உங்க ஆளுங்கள யாரையாச்சும் வெச்சி ஒடைங்க, பாக்கி வேலய நான் பாத்துக்கிறேன்."

"உடைக்காம முடியாதா?"

"முடியும். சுத்தி ட்ரில் போட்டு மருந்து எறக்கலாம். புத்து அப்படியே நிக்கும். உள்ள இருக்கிறது போயிடும்."

இவர்தான் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். மருந்தைக் கலக்குமுன் அவர் கேட்டார்: "வீட்ல வேற யாரு இருக்காங்க? கொழந்தங்க, மூச்சு எளப்பு உள்ளவங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப ஈஸிங்க" என்றார்.

தெருவில் நான் மறைக்கவில்லை. வீட்டுக்கு மருந்து அடித்தேன், புற்றின் மேல் கை வைக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த வெள்ளி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். முன்பெல்லாம் வாராவாரம் புற்றின் உச்சியில் ஈரமண் புதிதாக ஏறியிருக்கும். அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"போன வாரம் இருந்தாப்பலயே இருக்கே. அம்மா வளரலயே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கோச்சிக்கினாங்களோ என்னாவோ" என்றாள் பால்காரர் மனைவி.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, நாத்தனார் வந்திருக்கிறாள், புவனகிரியில் கல்யாணம் என்று ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். பங்குனி பிறந்தபின் விளக்கை நான் மட்டும் ஏற்றினேன். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கடையிலிருந்து சீக்கிரம் வருவதையும் நிறுத்திக்கொண்டேன்.

வெயில் காலத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, அந்த மருந்துக்காரன் நம்பர் இருக்குதா? எங்க அலமாரி பூரா மண்ணு."

"புத்தா?"

"புத்தெல்லாம் இல்லக்கா. வெறும் கரையான்."

செல்போனில் நம்பரை அமுக்கிக்கொண்டாள். உள்ளே வா என்றேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றாள். அவள் திரும்பும்போது ஏதோ உந்த, "அவரு வர்ற அன்னிக்கி சாமானெல்லாம் எடுத்து வெக்கணும். நான் வேணா வரட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "நீயா? ஒத்தச் செவுருதான் நடுவுல. எம் புள்ளைங்களுக்குக் காது குத்துனப்பகூட நீ எட்டிப் பாக்கலியேக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கூப்பிட்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரில் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் பெண்கள் பாத்திரங்களைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றேன். மருந்துக்காரர்தான் முதலில் பார்த்தார். ட்ரில்லை நிறுத்தினார்.

"என்னா சிஸ்டர், உங்க புத்து எப்படி இருக்கு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியே நிக்குதுங்க" என்றேன்.

எதிர்வீட்டுக்காரி ஒரு குண்டானை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.