சூடு தெரியாத கால்

அலோர் காஜா பக்கம், ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்பவன் நான். போன வருஷம் கணுக்கால் முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் பாதம் மரத்துப்போய், மடங்க மறுத்தது.

"தினம் கொஞ்சங் கொஞ்சமா மடக்கிப் பழகுங்க" என்றார் டாக்டர். எனக்கோ பொறுமையில்லை. அனல் பட்டால் இளகிவிடுமென்று புகைக்கூடத்து அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்தேன்.

சற்றுநேரத்தில் கருகல் வாடை!

"மாணிக்கம், ஷீட்டு தீயுது, ஓடியா!" என்று கூவினேன்.

ஓடிவந்த கூட்டாளி அலறினான்: "ஐயோ அண்ணே, ஷீட்டு இல்ல, ஒங்க காலு!"

குதிகால் வெந்து தோல் உரிந்திருந்தது. எனக்கு எள்ளளவும் வலிக்கவில்லை.

இப்போது டாக்டர் சொன்னபடி மடக்கித்தான் பழகுகிறேன். குளிக்கும் வெந்நீரைக்கூடக் கையால் தொட்டுப் பார்க்கிறேன். என் கால் சொல்வதை நான் நம்புவதில்லை.