ஞானதுரை அண்ணாச்சி முடிக்காத தீசிஸ்

ஞானதுரை அண்ணாச்சி போயிட்டாங்க. காலையில எங்க ஊரு சங்கரன்கோவில்ல இருந்து என் தம்பி போன் பண்ணிச் சொன்னான்... நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே முடிஞ்சு போச்சாம்.

இங்க பலருக்கு அவங்களத் தெரியாது. புஸ்தகம் எதுவும் போடல, பட்டமும் வாங்கல. எண்பதுகள்ல எங்க ஊர்ல உக்காந்து மேனேஜீரியல் எகனாமிக்ஸ்ல ஆராய்ச்சி பண்ணின மனுசன்.

நான் அப்ப டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல வேலை பாத்தேன். அவங்க தீசிஸ அடிச்சுக் குடுத்தது நான்தான்.

அண்ணாச்சி பக்கத்து ஊரு திருவேங்கடத்துக்காரங்க. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்... "எம் மவன் டாக்டராகப் போறான்"னு சர்ச்சுல ஒருத்தர் விடாமச் சொல்லிக்கிட்டுத் திரிவாங்களாம்.

ஆராய்ச்சி என்னன்னா, எங்க ஊர் பவர்லூம்காரங்க எப்படி முடிவெடுக்காங்க? நூல் எப்ப வாங்குதாங்க, சேலைக்கு என்ன வெல வைக்காங்க, தறிய எப்ப நிறுத்துதாங்க...

மொத நாள் பேன்ட்டு, சட்டை, கையில ஃபைலு. எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சதும் சேல்ஸ் டாக்ஸ் ஆபீசர்னு நெனச்சுத் தெரு முழுக்கத் தறிய நிறுத்திட்டு ஒளிஞ்சிட்டாங்க! எங்க அப்பாவும் சேத்துத்தான். எங்களுக்கும் நாலு தறி உண்டு.

"ஆபீசர் இல்ல அண்ணாச்சி, படிக்கிற பையன்"னு பூட்டின கதவு முன்னால நின்னு கத்தியிருக்காங்க, பாவம். மறுநாள்ல இருந்து கைலிதான்.

தியரிப்படி, சேலை வித்த காசு நூலுக்கும் கூலிக்குமே காணலன்னா தறிய நிறுத்திரணுமாம். நூல் வெல ஏறுன அந்த வருசம் எங்க ஊர்ல ஒருத்தரும் நிறுத்தல.

ஏன்னு கண்டுபிடிக்க, தறி ஓடுற செட்டு ஒவ்வொண்ணுலயும் மாசக்கணக்கா போயி உக்காந்தாங்க. நிறுத்துனா தறி ஓட்டுற ஆளு வேற செட்டுக்குப் போயிருவான், பெறகு கூப்பிட்டா வரமாட்டான். அது போக, தினம் முகத்துல முழிக்கிற ஆளப் போன்னு எப்படிச் சொல்ல? நாலாவது அத்தியாயம் முழுக்க இதுதான்.

மதுரையில இருந்த கைடு ஒத்துக்கிடல. இது எகனாமிக்ஸே இல்ல, அந்த ஓனர்கள் இர்ரேஷனலா நடந்துக்கிட்டாங்கன்னு எழுதி முடின்னுட்டாரு. புத்தியில்லாம நடந்தாங்கன்னு அர்த்தம்.

அண்ணாச்சியும் ஒரு நாள் அப்படியே எழுதிக் கொண்டாந்தாங்க. நான் அடிக்கேன், பக்கத்துலயே நிக்காங்க. அந்த வரி வந்ததும் "நிறுத்து தங்கச்சி"ன்னு மெஷின்ல இருந்து பேப்பர உருவிட்டாங்க.

"ஒங்க அப்பாவப் புத்தி கெட்டவருன்னு ஒங்கையாலயே அடிக்க வச்சுத்தான் நான் டாக்டர் ஆகணுமாக்கும்?"

"அடிச்சிருதேன் அண்ணாச்சி... எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா"ன்னேன்.

"எனக்குத் தெரியும்லா"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க.

அதோட சரி. கைடும் எறங்கி வரல, இவங்களும் எறங்கல. டைம் முடிஞ்சு ரெஜிஸ்ட்ரேஷனே போச்சு.

அவங்க அப்பா சாகுற வரைக்கும் "எப்பய்யா முடிப்ப"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அத நெனச்சாத்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்கு.

பெறகு எங்க ஊர்லயே டுட்டோரியல்ல பாடம் எடுத்தாங்க. தறிக்காரங்க வீட்டுப் பிள்ளைக பாதிப்பேரு அவங்ககிட்ட எகனாமிக்ஸ் படிச்சதுதான்.

ரொம்ப வருசம் கழிச்சு எம் மகன் எம்.பி.ஏ. படிக்கையில சொல்லுதான், "பழகின ஆள விட்டுட்டு மறுபடி தேடுறதும் ஒரு செலவுதாம்மா, புக்குலயே இருக்கு"ன்னு. அண்ணாச்சியோட நாலாவது அத்தியாயமேதான். உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"நல்லதாப் போச்சு தங்கச்சி... எவனோ எழுதிட்டாம்லா"ன்னாங்க. பெறகு "மவன நல்லாப் படிக்கச் சொல்லு"ன்னு வச்சிட்டாங்க.

கோவமா வருது அண்ணாச்சி. அந்த கைடு மேலயும், உங்க மேலயும்... ஒரு வார்த்தைதான, எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?

மத்தியானம் தம்பிக்குப் போன் பண்ணினேன், அடக்கம் எத்தன மணிக்குன்னு கேக்க. வீட்டுல இருந்துதான் பேசுதான். பின்னால தறிச் சத்தத்தையே காணும்.

"ஏலே, கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்குக்கா. அண்ணாச்சிய எடுக்கது வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு எல்லாரும் நிறுத்திட்டாங்க."

நீங்க வந்த மொத நாள் மாதிரியே... தெரு முழுக்க நிறுத்திட்டாங்க அண்ணாச்சி.

போயிட்டு வாங்க.