வேப்பிலை இல்லாத தெரு

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோவர்த்தனன் வேப்பிலையோடு சண்டையிட்டு வந்தார். பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மைப்பால் வைப்பதுதான் திருப்பதி நகரத்தில் அவருக்கு உத்தியோகம். மேற்கையில் ஒரு சொட்டுப் பாலை விட்டு, முள்முள்ளாக இருக்கும் சிறு வட்டை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருகுவார். இப்படி நான்கு இடங்களில். தெலுங்கர்கள் அதை டீக்கா என்றார்கள். தமிழர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். நான்காம் ஐந்தாம் நாளில் குத்திய இடம் கொப்புளமாக எழும்பும். எழும்பிவிட்டால் அந்த வீட்டார் அதை மருந்து என்று எண்ணமாட்டார்கள்; அம்மனே வந்துவிட்டதாகக் கொள்வார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும். கடுகு தாளிக்கமாட்டார்கள். வேற்றாள் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். பால் ஏறியதா என்று எட்டாம் நாள் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டிய கோவர்த்தனனும் அந்த வேற்றாள்களில் ஒருவர். “இது டீக்கா, அம்மன் இல்லை” என்று வாசல்தோறும் தொண்டை வறள வாதாடுவதிலேயே அவருடைய பாதி நாள் கழிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் பெரியம்மை ஊருக்குள் புகுந்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். வாரச் சந்தையும் படிப்பகமும் மூடப்பட்டன. கூடாரத்துச் சினிமாவும் நின்றது. மூன்று வாரங்கள் கழிந்து நோய் சற்றே தணிந்தபோது, ஒரு திங்கட்கிழமையைக் குறித்து அன்று எல்லாவற்றையும் திறப்பதென்று முடிவாயிற்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ரயில் பாதைக்கு அருகிலுள்ள தறிக்காரத் தெருவில் ஒருவர் விடாமல் பால் வைத்துக்கொண்டிருக்கவேண்டும். நகரியிலிருந்து தறியோடு வந்து குடியேறிய நாற்பத்தொரு குடும்பங்கள் அங்கே இருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தத் தெருவினர்.

கோவர்த்தனன் பத்து நாள்கள் அலைந்து அவர்களை இணங்கவைத்தார். இரண்டு மொழியிலும் தண்டோரா போடச் செய்தார். டீக்கா வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு, டீக்காவுக்கு வேப்பிலை கட்டாதீர்கள் என்ற ஒரு வரியையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். திறப்பு நாளுக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் தெருவே திரண்டு வந்து கையை நீட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவருடைய உத்தியோகத்தில் அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

அந்தக் காலை அவர் ஒரு தவறு செய்தார்.

சென்னையிலிருந்து ரயிலில் வரும் அம்மைப்பால் குழாய்களை ஆஸ்பத்திரிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தேவையானபோது எடுத்துவருவதே முறை. ஆஸ்பத்திரி ஒரு மைல் தொலைவில் இருந்தது. வீராசாமியின் சோடாக் கடையோ தெரு முனையிலேயே இருந்தது. மரத்தூளுக்குள் பனிக்கட்டி புதைத்த பெட்டி ஒன்று அவனிடம் உண்டு. அதனால் குழாய்களடங்கிய தகரப் பேழையை வெள்ளிக்கிழமையே அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். திங்கட்கிழமை விடியலில் எடுக்கும்போது மேலே பனிக்கட்டி இருந்தது. ஆனால் பேழையின் அடி, கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. ஒரு கணம் நின்றார். வெளியே இருநூறு பேர் காத்திருந்தார்கள். அவர்களை இன்னொரு முறை கூட்ட முடியாது என்று எண்ணிப் பேழையைத் திறந்துவிட்டார்.

புதன்கிழமை சோடா குடிக்கப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கடையில் நின்றவர்கள் திருத்தணி ஆந்திராவுக்கா சென்னைக்கா, எல்லை எங்கே விழும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வீராசாமி எதையோ நினைத்துச் சிரித்தான்.

“போன வெள்ளிக்கிழமை மத்தியானத்திலேர்ந்து ஐஸு வண்டியே வரல. மூணு நாளு சோடா, கலரெல்லாம் வெந்நி மாதிரி. ஒருத்தன் குடிச்சிட்டு, இதுல கொஞ்சம் டீத்தூள் போடுறியான்னு கேட்டுக்கினு போறான்.”

“திங்கக்கிழமை ஐஸு இருந்துச்சே?” என்றார் கோவர்த்தனன்.

“அன்னிக்கி விடிகாலைல வந்துது. நீ வர்றதுக்குச் செத்த முன்னாடி.”

கையிலிருந்த சோடாவைக் கோவர்த்தனன் குடித்து முடிக்கவில்லை. பங்குனி வெயிலில் மூன்று நாள். சூடு பட்டால் அம்மைப்பால் வீரியம் இழந்து செத்துவிடும். செத்த பாலும் உயிருள்ள பாலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் காப்புப் பெற்றவர்களா, வெறும் கீறல் பெற்றவர்களா என்பதை அவர்களுடைய தோல்தான் சொல்லவேண்டும்.

வியாழனும் வெள்ளியும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய்க் கையைக் காட்டச் சொல்லலாம். ஆனால் எட்டாம் நாளுக்கு முன்னே அவர் வந்து பார்த்தால் ஏன் என்ற கேள்வி எழும். பால் செத்தது என்ற பேச்சு ஒரு வாயிலிருந்து கிளம்பினால் போதும், அந்தத் தெரு இனி எவருக்கும் கை நீட்டாது. எட்டாம் நாள் வரை பொறுக்கலாமென்றால் அது வரும் திங்கட்கிழமை. அன்று காலை பள்ளிக்கூடத்து மணி அடித்துவிடும். சந்தைக்கு ஊர் ஊராக ஆள்கள் வந்து இறங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை, குத்திய ஆறாம் நாள், முற்பகலில் வேறு வேலையாகப் போகிறவரைப்போலத் தறிக்காரத் தெருவுக்குள் நடந்தார். கண்கள் வாசல் நிலைகளையே பார்த்தன. முதல் வீட்டில் வேப்பிலை இல்லை. இரண்டாம் வீட்டிலும் இல்லை. எத்தனையோ தெருக்களில் தம் கையாலேயே பிய்த்தெறிந்த வேப்பங்கொத்தை அன்று அவர் தேடினார். இருபது வாசல்களைக் கடந்தும் ஓர் இலை தட்டுப்படவில்லை. தண்டோராவில் சொன்னதைக் கேட்டுத்தான் கட்டவில்லையோ என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டார். அந்த நினைப்பு பத்தடி தூரம் அவருக்குத் துணை வந்தது. அதன்பின் காற்றில் கடுகு பொரியும் வாசனை வந்தது. அடுத்த வீட்டில் கருவாடு வறுபட்டது. அதற்கடுத்த வீட்டில் வெங்காயம். தெரு முழுக்கத் தாளிப்பு வாசனை கமகமவென்று எழுந்தது.

நடுவீட்டு வாசலில் செங்கம்மா நூலைப் பாவு கட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் யாருக்கும் அஞ்சாத வாய் அவளுடையது. திங்கட்கிழமை எல்லாருக்கும் முதலில் கையை நீட்டியவளும் அவள்தான். வேப்பிலை கட்டாமல் இருக்கிறீர்களே, நல்லது என்று அவர் பேச்சை மெல்லத் தொடங்கினார். அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ தண்டோரா போட்டன்னு கட்டாம இருக்கோம்னு நெனச்சிக்கினியா? உன் பேச்சை இந்தத் தெருவுல எவ கேட்டா? ஏறியிருந்தா கட்டியிருப்போம் நைனா. ஏறல.”

“யாருக்கும் இல்லையா?”

“எம் பேரனுக்கு இல்ல. எனுக்கு இல்ல. வூடு வூடா எட்டிப் பாத்து எல்லாரையும் கேட்டுட்டேன். நாலு கீறலு, பொருக்குத் தட்டி வுழுந்துபோச்சு. எங்க ஒடம்புக்கு அம்மா வர வேணாம்னு நெனச்சிட்டா போல.”

அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து நேரே சுகாதார அதிகாரி டாக்டர் தோதாத்ரியின் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை திறப்பதற்கான உத்தரவுகள் மேசையின்மேல் கையெழுத்தாகிக் கிடந்தன. கோவர்த்தனன் நின்றபடியே, தறிக்காரத் தெருவில் பால் ஏறவில்லை, பள்ளிக்கூடத்தைத் திறக்கக்கூடாது என்றார். எட்டு நாள் ஆகவில்லையே, எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். வேப்பிலையையும் தாளிப்பு வாசனையையும் கோவர்த்தனன் சொன்னார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வேப்பிலை தொங்கலே, கடுகு வெடிக்கறதுன்னு எழுதியா நான் மேலிடத்துக்கு அனுப்பறது? இத்தனை வருஷம் அதைத்தானே கட்டப்படாதுன்னு சொல்லிண்டிருந்தே?”

பிறகு, தாமே ஒரு வழியைக் கண்டவர்போல, வந்த சரக்கே கெட்டதாக இருக்குமோ என்று கேட்டார். எல்லைச் சச்சரவு நடக்கிற காலம். சென்னைப் பக்கத்திலிருந்து வந்த பால் கெட்டிருந்தது என்றால் எவரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். கோவர்த்தனனுக்கும் அது தெரியும். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பள்ளிக்கூடமும் திறக்காது, அவர் பேருக்கும் பழுது வராது. ஆனால் கெட்டது பால் என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் குழாய்களை எந்தத் தெரு நம்பும்? வீராசாமியின் பெட்டியில் வைத்ததுதான் தவறு என்று எவர் அறிவார்?

“இல்லீங்க சார். பால் நல்லாத்தான் வந்துது. ஆஸ்பத்திரிக்குப் போவ சோம்பேறித்தனப்பட்டு நான்தான் சோடாக் கடைல வெச்சேன். மூணு நாளு ஐஸு இல்ல. தகரம் வெதுவெதுன்னு இருந்ததும் எனுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் குத்தினேன்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு உத்தரவுகளை எடுத்து, இரண்டாகக் கிழிக்காமல், மடித்து இழுப்பறையில் வைத்தார். திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. புதிய பாலுக்குத் தந்தி போயிற்று. கோவர்த்தனனைப்பற்றி எழுதவேண்டியதை எழுதத்தான் போவதாகவும், அதற்குமுன் அந்தத் தெருவை முடித்துவிட்டு வரவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து பனிக்கட்டி நடுவே பேழையைச் சுமந்துகொண்டு அவர் மறுபடியும் அந்தத் தெருவுக்குள் போனார். தண்டோரா இல்லை. வீட்டுக்கு வீடு போய், தவறு தம்முடையது என்று தம் வாயால் சொல்லவேண்டியிருந்தது. முதலில் குத்தியது ஒத்திகையா என்று ஒருவர் கேட்டார். தறி மேடையிலிருந்து இறங்கவே மறுத்தார் இன்னொருவர். செங்கம்மாதான் பேரனைத் தரதரவென்று இழுத்துவந்து முதலில் நிறுத்தினாள். தப்பு என்று ஒப்புக்கொண்ட உத்தியோகஸ்தனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் சொன்னது புகழ்ச்சியா குத்தலா என்று தெரியவில்லை. மாலைக்குள் இருநூற்றொன்பது பேர் ஆனார்கள். இருவர் ஊரில் இல்லை. கடைசி வீட்டுக் கமலம்மாவின் மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பதால் அவளை விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை, கடைசி வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது.

தெருவில் எவரோ அதைக் காட்டி, பால் ஏறிவிட்டது பார் என்று அவரைத் தேற்றினார். கோவர்த்தனன் நேரே அந்த வாசலுக்கு நடந்தார். ஒரே நாளில் பால் ஏறாது. அதோடு, அந்தக் குழந்தைக்குப் பாலே வைக்கவில்லை. உள்ளே வந்திருந்தது பெரியம்மைதான். இரண்டாம் வகுப்புப் பெண். காய்ச்சலையும் பாராமல் திங்கட்கிழமை பலகையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவளை, பூட்டியிருக்கிறது என்று சொல்லிப் படுக்கவைத்ததாகக் கமலம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். டாக்டர் வந்து அந்த வீட்டைத் தனிப்படுத்தினார். புறப்படும்போது அவர் கோவர்த்தனனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

இனி எல்லாம் ஓட்டப்பந்தயம். அந்தக் குழந்தையோடு விளையாடிய பிள்ளைகளின் உடம்பில் நோய் முந்துமா, செவ்வாய்க்கிழமை வைத்த பால் முந்துமா? வியாழனன்று எந்த வாசலிலும் ஒன்றும் இல்லை. வெள்ளியன்று மத்தியானம் தாளிப்பு வாசனை கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. தம் மூக்கைத் தாமே நம்பாமல் அவர் தெருவை இரண்டு முறை சுற்றினார்.

சனிக்கிழமை காலை செங்கம்மா வீட்டு நிலையில் பச்சை வேப்பங்கொத்து ஆடியது. அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வராத நைனா. அம்மா வந்துகீறா.”

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில் அவர் நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. “எத்தினி இடத்துல?” என்று மட்டும் கேட்டார்.

“நாலுலயும்.”

கண்ணால் பார்த்தே எழுதவேண்டும் என்ற விதியை எட்டாம் நாளுக்கு ஒத்திவைத்து, ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அடுத்த வாசலில் வேப்பிலை. அதற்கடுத்ததிலும். எங்கும் எண்ணெய் காயவில்லை; தெரு முழுக்க மஞ்சள் நீர் வாசனைதான். அவரைக் கார்வேட்டிநகரத்துப் பக்கம் மாற்றும் உத்தரவு அன்று அலுவலகத்தில் காத்திருந்தது. அவர் அதை வாங்கப் போகவில்லை. மாலைக்குள் முப்பத்தேழு கோடுகள் ஆயின. மூன்று வாசல்கள் இன்னும் வெறுமையாக இருந்தன. அந்த மூன்றுக்காக அவர் ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும்.

கடைசி வீட்டு வேப்பிலை புதன்கிழமையிலிருந்தே தொங்கிச் சருகாகியிருந்தது. உள்ளே குழந்தை தண்ணீர் கேட்கும் குரல் கேட்டது. அவர் அங்கே சற்று நின்றார். தாளில் கோடு போடவில்லை.